காலிஃபிளவரின் மூன்றாம் முகடு

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவில் எனக்குக் காலிஃபிளவர் விற்றவர், நான் எங்கோ கோபி மஞ்சூரியன் வண்டி போட்டிருக்கிறேன் என்றே கடைசிவரை நம்பினார். வாரம் தவறாமல் ஒரு பெண் வந்து, பூவை விரலால் அழுத்திப் பார்த்து, சாக்குப் பை நிறைய வாங்கிக்கொண்டு போனால் மனுஷர் வேறென்ன நினைப்பார். வள்ளியூர்க்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒருநாள் கேட்டார்.

“கடை எங்கக்கா போட்டிருக்கிய?”

முதல் முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பூவின் செல்லுக்குள் இருக்கிற ஒரு பொருளைப் பிரித்தெடுக்கிறோம் என்றேன். “அப்ப சூப்புக்கடையா?” என்றார். அதற்குப் பிறகு ஸ்ரீகார்யம் பக்கம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். வியாபாரம் எப்படி என்று கேட்பார். சுமார்தான் என்பேன். அதில் பொய் ஏதும் இல்லை.

நான் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது ஆர்என்ஏ பாலிமரேஸ் என்கிற என்சைம். உயிருள்ள எந்தச் செல்லிலும் டிஎன்ஏ இருக்கிறது, அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் டிஎன்ஏ தானாக எதுவும் செய்வதில்லை. அதில் வேண்டிய பகுதியை வாசித்து ஆர்என்ஏவாகப் பிரதி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த என்சைம். அது நின்றால் செல் நிற்கும். சில விஷக் காளானைத் தின்றவர்கள் சாவது, அந்த விஷம் போய் இந்த என்சைமின் கையைப் பிடித்துக்கொள்வதால்தான். வேகமாக வளர்கிற செல்களில் இது நிறைய இருக்கும். காலிஃபிளவரின் வெள்ளைப் பரப்பு முழுவதும் வளரும் நுனிகள்தான், அதனால்தான் காலிஃபிளவர்.

வேலை என்னவோ சமையல் வேலைதான். பூவின் மேல்பரப்பை மட்டும் கத்தியால் சீவ வேண்டும். குளிர் அறையில் வைத்து மிக்ஸியில் அரைக்க வேண்டும். கரைசலில் சேர்க்கிற ஒரு மருந்து அழுகிய முட்டை நாற்றம் நாறும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோகிற அளவுக்கு. பிறகு துணியில் வடிகட்டி, ஒலி அலையால் உடைத்து, சுழற்றி, உப்பைப் போட்டுப் படியவைத்து, கடைசியில் ஒரு நீளக் கண்ணாடிக் குழாயின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஒவ்வொரு சிறு குப்பியிலும் விழுந்த சொட்டுகள் எவ்வளவு ஆர்என்ஏ செய்கின்றன என்று அளந்து வரைபடம் போட்டால், முகடுகள் எழும்பும். ஒரு முகடு என்றால் ஒரு வகை என்சைம். வெளியே திருவனந்தபுரம் வெந்துகொண்டிருக்கும். நான் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பேன். என் இருமல் வருடம் முழுவதும் இருந்தது.

புத்தகத்தில் இருக்கிற முகடுகள் இருக்கவேண்டிய இடத்தில் வந்தன. அவற்றுக்கு அப்பால், புத்தகத்தில் இல்லாத இடத்தில் ஒன்று எழும்பியது. முதல் முறை வந்தபோது மறுபடி அளந்து பார்த்தேன். காளான் விஷத்தைச் சொட்டினேன், அதற்கும் அடங்கவில்லை. அது மூன்றாம் முகடு. என் முகடு.

என் கைடு, ஓய்வு பெறக் காத்திருந்த மலையாளி பேராசிரியர், வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “கொள்ளாமல்லோ குட்டி” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாரும் கேட்டதில்லை.

ஆனால் அந்த முகடு நிலையாக நிற்கவில்லை. மழைக்காலத்தில் மலையாக வரும், ஜனவரியில் எறும்புப் புற்றாகச் சுருங்கும். அதற்கும் நாங்கள் ஒரு கொள்கை வைத்திருந்தோம். மழையின் நெருக்கடியைச் சமாளிக்கச் செடி தயாரிக்கிற தனி என்சைம் இது என்று ஒரு மாநாட்டில் போஸ்டரே ஒட்டினேன். இன்னொரு சங்கடம், அடுத்த குழாயில் ஏற்றிச் சுத்தப்படுத்தும்போது ஒவ்வொரு முறையும் அது செத்துப்போகும். சாருக்கு ஒரு விதி உண்டு: ஆத்யம் சுத்தம், பின்னெ ஸ்வபாவம். முதலில் சுத்தமாகப் பிரித்தெடு, அப்புறம் அதன் குணத்தை ஆராய். அழுக்கோடு இருக்கிற என்சைமிடம் கேள்வி கேட்டால் அழுக்குத்தான் பதில் சொல்லும் என்பார். நல்ல விதி. அதை நம்பி நான் சுத்தம் செய்துகொண்டே இருந்தேன், கேள்வி கேட்கிற நாள் வரவே இல்லை.

முனைவர் பட்டப் பதிவுக்குக் கடைசி நீட்டிப்பும் வந்தது. இதற்கு மேல் நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாரும் அதே வருடம் ஓய்வு பெறுகிறார். மூன்றாம் முகடு சுத்தமாகக் கிடைத்தால் அது புதிய என்சைம், என் தீசிஸ், வெளியே எங்காவது ஒரு வேலை. கிடைக்காவிட்டால், கல்யாணத்தையும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக் குளிர் அறையில் உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்துக்கு என் கையில் இருமல் மட்டும்தான் மிஞ்சும். இது எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து, அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தவர். நாங்கள் கரமனையில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தும், கடைக்காரரிடம் பேசுகிற மலையாளத்துக்கு மேல் அவள் போகவில்லை. என் படிப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள், அது கையில் வந்து வந்து நழுவுகிறது. கோயிலுக்குப் போனால் அதற்காகவே ஒரு தேங்காய் உடைப்பாள்.

அந்த முறை பூ வாங்கவேண்டிய திங்கட்கிழமை ஹர்த்தால் என்று அறிவித்துவிட்டார்கள். கடையும் இருக்காது, பஸ்ஸும் ஓடாது. நல்ல மழைக்காலம், முகடு பெரிதாக வருகிற பருவம், விட மனசில்லை. ஞாயிற்றுக்கிழமையே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், நனைந்த சாக்குக்குக் கீழே கிடந்த பூக்களை வாங்கிவந்து வீட்டு ஃபிரிட்ஜில் அடைத்தேன். ஹர்த்தால் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய் வழக்கம்போல் எல்லாம் செய்தேன். வாரக் கடைசியில் வரைபடம் போட்டேன். புத்தக முகடுகள் நன்றாக வந்திருந்தன, எப்போதையும்விட நன்றாகவே. மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தில் தரைமட்டம்.

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் தாழி உடையக்கூட இல்லை, வெண்ணெயை மட்டும் காணோம். எந்தப் படியில் பிசகினேன் என்று யோசித்து யோசித்து, சாப்பிட உட்கார்ந்தும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மக்ளே, ஒரு மாதிரி இருக்கா?” என்றாள் அம்மா.

“இந்தத் தடவ அது வரவே இல்லம்மா.”

“நல்ல பூதானே வாங்கின? புழுதான் கொஞ்சம் கெடந்துது. நான் எல்லாம் சுத்தமாக்கித்தானே வச்சேன்.”

நான் நிமிர்ந்தேன். “என்ன செஞ்ச?”

“எப்பவும் செய்யதுதான். சூடு வெள்ளத்துல உப்பும் மஞ்சப்பொடியும் போட்டு முக்கி வச்சேன். புழு எல்லாம் மெதந்துது. அப்பறம் தொடச்சு, பேப்பர்ல பொதிஞ்சு வச்சேன். நீ ஒறங்கிட்டு இருந்த.”

காலிஃபிளவரை மஞ்சள் தண்ணீரில் போடாமல் அடுப்படிக்குள் விடுகிற வீடு தமிழ்நாட்டில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதுவும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வருகிற காய்கறி என்றாலே பூச்சிமருந்து விஷம் என்று பேசுகிற ஊரில் இருந்துகொண்டு, அம்மா எதையும் இரண்டு முறை கழுவுவாள். இது எல்லாம் தெரிந்தும் நான் கத்தினேன்.

“யாரு ஒன்னத் தொடச் சொன்னா? கடைசித் தடவம்மா இது. கடைசித் தடவ. எல்லாத்தையும் வேக வச்சிட்டியே.”

“திங்கிற சாமானம் இல்லியா மக்ளே…”

“இது திங்கிறதுக்கு இல்ல.”

“பூவ வேற எதுக்கு வாங்குவாவ?” என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே, சாரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் கோர்த்துப் பார்த்தேன். அம்மா சூடு தண்ணீரில் போட்டுவிட்டாள், என்சைம் கெட்டுவிட்டது. உள்ளூர் என்கிற சந்திப்பில் பஸ் நகராமல் நின்றபோது அந்த வாக்கியம் நடுவில் இடித்தது. சூடு கெடுத்திருந்தால் மற்ற முகடுகளும் கெட்டிருக்க வேண்டும். அவை எப்போதையும்விட நன்றாக வந்திருந்தன. ஒரே பூ, ஒரே தண்ணீர். போனது என்னுடையது மட்டும். கழுவினால் போகிற பொருள் பூவுக்குள் இருந்திருக்க முடியாது. பூவின் மேல் இருந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த சாக்குக்குக் கீழே பெருகுவது எது என்று நினைத்துப் பார்த்தேன். செடிகூட இல்லை, பாக்டீரியா. இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப்போய், மழையில் நடந்து திரும்பி வந்தேன்.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

“சுத்தமாகட்டும், சுத்தமாகட்டும் என்று பறஞ்சது ஞான்தான்” என்றார் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும். பிறகு எழுந்துபோய் ஃபிரீசரில் தேடி, செங்கல் நிறப் பொடி இருந்த ஒரு சின்னப் புட்டியை எடுத்துவந்தார். ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான். அது பாக்டீரியாவின் பாலிமரேஸைப் பிடித்து நிறுத்தும். நம்முடையதையோ செடியுடையதையோ தொடாது. தொடாததால்தான் அதை மனிதர்கள் விழுங்க முடிகிறது.

மறுபடி ஒரு முறை, ஒரே கடைப் பூவை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கழுவி, ஒரு பாதியைக் கழுவாமல் செய்வது என்று முடிவாயிற்று. “அம்மா செய்த போலத்தன்னே செய்யணும்” என்றார் சார். அதனால் லேபிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“எவ்வளவு சூடு வச்சம்மா?”

“வெரல் பொறுக்கிற சூடு.”

தண்ணீரைக் காயவைத்து அவளை விரல் விடச் சொன்னேன். அவள் விரலை முக்கியபடி இருக்க, நான் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதினேன். உப்பு எவ்வளவு என்றேன். ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினாள், அதையும் எடை போட்டேன். மஞ்சள்பொடி எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தத் துணியால் துடைத்தாய். அவள் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்று பதில் சொன்னாள்.

“போலீஸ் வந்து தெளிவு எடுக்க மாதிரில்லா இருக்கு” என்றாள். தெளிவு என்றால் இந்த ஊரில் சாட்சியம்.

நான் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

சோதனை சுலபமாக முடிந்தது. கழுவாத பாதியில் மூன்றாம் முகடு மலையாக எழுந்து நின்றது. கழுவின பாதியில் இல்லை. எழுந்து நின்ற முகட்டில் செங்கல் நிறப் பொடியைக் கரைத்துச் சொட்டினோம். படுத்துவிட்டது. எண்களை அச்சடித்துத் தள்ளிய இயந்திரத்திலிருந்து சார் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் அழவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். உடம்பு முழுக்க ஓய்ந்துபோயிருந்தது, எங்காவது படுத்தால் போதும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள். “வந்துச்சா மக்ளே?”

“கழுவாததுல வந்துச்சு. கழுவினதுல வரல.”

லேபில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அது பூவோடது இல்லம்மா, பூமேல இருந்த அழுக்கில உள்ளது, அதனாலதான் கழுவினா போயிருச்சு, நீ கழுவினது நல்லதாப் போச்சு என்றேன். “செரி” என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்தது. இன்னொரு முறை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். கறிவேப்பிலை எடுக்கலாமா, இந்தக் கத்திரிக்காய் வீட்டுக்கா, உன் ஆபீசுக்கா. நான் எரிந்து விழுவேன், அவள் பதில் பேசமாட்டாள். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது, நாகர்கோவில் சித்தியிடம் போனில் பேசுவது கேட்டது. “அவ கண்டுபிடிச்சதுதான். நான்தான் மஞ்ச வெள்ளத்துல போட்டு அழிச்சிட்டேன். எத்தன வருசத்துப் பாடு, ஒரு மணிக்கூர்ல தொலச்சிட்டேன்.” விடும்மா, அப்படியெல்லாம் இல்ல என்றேன், தலையைத் துவட்டியபடி. அவள் போனை வேறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

சார் ஓய்வுபெறும் முன் தீசிஸை வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தில் இருக்கிற என்சைமை அதே காலிஃபிளவரில் இன்னும் சுத்தமாகப் பிரித்தெடுத்து அதன் குணங்களைச் சொல்கிற, யாரும் தூக்கம் விட்டுப் படிக்க வேண்டாத தீசிஸ். அதில் ஒரு அத்தியாயம், கழுவாத பூவில் பாக்டீரியாவின் என்சைம் எப்படிப் புதிய என்சைமாக வேஷம் போடும் என்பது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான், ஆனால் எலி உண்மையான எலி.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து கேட்கலாம் என்கிற மாதிரி நடக்கும். அம்மா வருகிறேன் என்றாள். வேண்டாம், இங்கிலீஷில் பேசுவோம், உனக்குச் சலிக்கும் என்றேன். வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். கழுவின பாதியும் கழுவாத பாதியும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வந்தன, ஒன்றில் மலை, ஒன்றில் வெறும் தரை. பேச்சு முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னார். எல்லா வேலையிலும் இதுதான் தனக்குப் பிடித்தது என்றார். கழுவிப் பார்க்கிற யோசனை யாருடையது என்று கேட்டார்.

“என் அம்மாவுடையது” என்று இங்கிலீஷில் சொல்லி, கடைசி வரிசையைக் கை காட்டினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் புன்னகைத்தார்கள், சார் தலையாட்டினார். அம்மா பார்த்தது திரையில் அந்தப் படம், நான் நீட்டிய விரல், தன் பக்கம் திரும்பிய இத்தனை முகங்கள். அவள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“அறியாம செஞ்சு போனதாணு சாரே” என்றாள், தனக்குத் தெரிந்த மலையாளத்தில். “தப்பு என்டேதாணு. அவ மேல ஒண்ணும் இல்ல. அவ நல்லாத்தான் படிச்சா.”

யாரும் சிரிக்கவில்லை. வெளியூர்த் தேர்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால் நான் தமிழில் பேசினேன்.

“அம்மா, நீ ஒண்ணும் கெடுக்கலம்மா. அது என்னோடதா இருந்ததே இல்ல. நீ கழுவினதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. அதத்தான் இவ்வளவு நேரமும் இவங்ககிட்டச் சொல்லிட்டு இருந்தேன்.”

“செரி” என்றாள் அம்மா. கை கூப்பியபடிதான் நின்றாள்.

“அப்ப இவிய ஒன்னப் பாஸாக்கிருவாவல்லா?”

கேட்டது என்னை. பார்த்தது அவர்களை.